வலியெடுக்கத் தெரியாத குழாய்

டீ கிளாஸில் கரண்டி சர்க்கரையைக் கலக்கும் சத்தம் கேட்டதும், சூசைமாணிக்கத்தின் கண்ணுக்குள் இருந்த பொடி ரத்தக்குழாய் பக்கத்துக் குழாயை அவசரமாகக் கூப்பிட்டது.

“அண்ணே, என் சுவர் ஒரு இடத்துல புடைச்சிருச்சு. யாராவது பார்க்கணும்ணே.”

“அட பயந்தாங்கொள்ளி! சுகர் இன்னும் பார்டர்லதான் இருக்கு,” என்றது பக்கத்துப் பெரிய குழாய். “கண்ணாடிக்கடை கண் டெஸ்ட் பலகையில மனுஷன் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சாரே!”

“எழுத்தை அவர் பார்த்தாருண்ணே. உள்ளே லைட் அடிச்சு நம்மளை எவன் பார்த்தான்?”



வலித்தாலாவது மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போவார். பொடிக்குழாய்க்கு வலியெடுக்கத் தெரியாதே! புடைப்பிலிருந்து ஒரு சொட்டு கசிந்தது. சூசைமாணிக்கம் பேப்பரைப் புரட்டினார்.

“அண்ணே…”

“அடுத்த வருஷம் டாக்டருங்க யாராவது உள்ளே பார்ப்பாங்கடா,” என்றது பெரியது, குரல் இறங்கி.

பொடிக்குழாய் அடுத்து வந்த ரத்தத்தை வாங்கி, அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.