சக்கரம் தரையைத் தொடுமுன்

சங்குத்தீவைக் கடல் கொண்டபின், அதன் கொடி மிஞ்சியிருந்தது தேசிய விமானம் ஒன்றின் வாலில் மட்டும்தான். அது பறக்கும்போது அதற்குள் பிறந்தால்தான் சங்குத்தீவுக் குடியுரிமை. மற்ற விமானங்கள் ஏற்ற மறுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு இதில் முதல் வரிசை.

இன்று அந்த வரிசையில் ரெஜினா வலியில் துடித்தாள். கீழே சென்னை ஓடுபாதை தெரிந்தது. அவள் கணவன் சூசை விமானியறைக் கதவைத் தட்டினான்.

"கேப்டனம்மா, சக்கரம் தரையைத் தொட்டுட்டா பிள்ளை வேற நாட்டுக்குப் போயிடும்."

"இன்னும் ரெண்டு சுத்துக்கு எரிபொருள் இருக்கு. நீ கத்தாம அவளை முக்கச் சொல்லு."

விமானம் இரண்டாவது சுற்றைத் தொடங்கியது. பிறகு அழுகுரல் கேட்டது. பணிப்பெண் ஓடிப்போய், விமானச் சுவரில் மாட்டியிருந்த நாட்டின் மக்கள்தொகைப் பலகையில் நானூற்றுப் பதினொன்றை அழித்து, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

அதன்பிறகுதான் சக்கரங்கள் இறங்கின.