பதினைந்து நிமிடப் படிவம்

படிவத்தை நிரப்பப் பதினைந்து நிமிடம்தான் தருவார்களாம். திரையின் மூலையில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

சாப்பாட்டு நேரம். பாதி கட்டிய ஆபீஸின் மூன்றாவது மாடியில், எலக்ட்ரீஷியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு போனை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு வரியைப் பிடித்தால் கண் நழுவி அடுத்த வரியில் விழுந்தது.

அவள் அசரவில்லை. இணையதளங்களின் குணம் அவளுக்கு அத்துப்படி. பல்லைக் காட்டும் முகம் இருந்தால் விளம்பரம். நீளமாக இருந்தால் நிபந்தனை. வேண்டியது எப்போதும் பச்சைப் பெட்டியில் இருக்கும்.

இந்தத் தளத்தில் மூன்று பச்சைப் பெட்டிகள்.

முதலாவது தலைவரின் வாழ்த்துரைக்குப் போனது. இரண்டாவது புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விட்டது. மூன்றாவதுதான் வழிவிட்டது.

பெரிதாக்கினாள். எழுத்து தெளிந்தது, 'அடுத்து' பொத்தான் திரையை விட்டு ஓடிப்போனது. சிறிதாக்கினாள். பொத்தான் வந்தது, எழுத்து கடுகானது.

"என்னம்மா, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நேரமா?" என்றார் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த டைல்ஸ்காரர்.

"கண்ணாடிய வீட்டுலயே மறந்துட்டேண்ணே."

இருபது வருடமாக இதே பதில். அவளிடம் கண்ணாடியே கிடையாது.

இயர்போனைச் செருகி, போனையே வாசிக்கச் சொன்னாள். வேகம் இரண்டு மடங்கு. மற்றவர்களுக்கு அது சண்டை போல் கேட்கும், அவளுக்குப் பேச்சு.

அடுத்து, நீங்கள் மனிதர்தானா என்று தளம் சந்தேகப்பட்டது. நெளிந்த எழுத்துகளைப் பார்த்து அடிக்க வேண்டுமாம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. காது படத்தைத் தொட்டாள். இரைச்சலுக்குள் புதைந்து வந்த ஆறு எண்களையும் கேட்கக் கேட்கத் தட்டினாள்.

மனிதர்தான் என்று தளம் ஒப்புக்கொண்டது.

மீதி நான்கு நிமிடம். மகளின் பெயர். வயது எட்டு. மூன்றாம் வகுப்பு.

அனுப்பும் முன் ஒருமுறை மேலிருந்து வாசிக்கவிட்டாள்.

'டிஸ்லெக்சியா பரிசோதனைக்கு முன்பதிவு. வாசிக்கச் சிரமப்படும் குழந்தைகளும் பெரியவர்களும் வரலாம்.'

நிறுத்தினாள். கடைசி வரியை மட்டும் மறுபடி கேட்டாள். இந்த முறை வேகத்தைக் குறைத்து.

டைல்ஸ்காரர் கை கழுவப் போயிருந்தார்.

'இன்னொருவரைச் சேர்க்க' என்ற பொத்தானை அழுத்தினாள்.

வயது, நாற்பத்தொன்று.

குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டது. 'அம்மா' என்று தட்டினாள்.