ஏழாம் தூண்

"தூணெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதும்மா. தேதி சொல்லு, தேதி" என்றான் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன்.

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். என் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று அவன் கேட்டான். ஏழாம் தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு என்று இவள் சொன்னாள். அன்று வயிற்றுவலி தாங்காமல் கலவை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி ஊரைக் கூட்டித் திட்டினார். அதெப்படி மறக்கும்?

சட்டி சுமக்கிறவர்களுக்கு நாள் என்பது அப்படித்தான். அஸ்திவாரம் தோண்டிய வாரம். தளம் போட்ட நாள். மழையில் வேலை நின்ற நாள்.

பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். முதல் பரிசோதனைக்குப் பேர் பதிய அரை நாள் விடுப்பு கேட்டதற்கே மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்னொரு நாள் கேட்டால் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது.

அவன் கழுத்தை நீட்டித் தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தான்.

"வயிறே தெரியல. குத்துமதிப்பா போன மாசம் ஒண்ணாம் தேதின்னு போட்டுக்கறேன். டாக்டரைப் பாக்க அடுத்த மாசக் கடைசியில வந்தா போதும்."

பெரிய உதவி செய்கிற முகம் அவனுக்கு. தங்கச்சி தலையாட்டப் போனாள்.

"போடாதே" என்றேன்.

வாயில் 'சார்' வரவில்லை. நான் பிடித்த பிடியில் ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது. விடுக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க என்று தங்கச்சி என் கையை இழுத்தாள். பார்க்கட்டும். இந்த இடத்தை விட்டு நகராதே, அவன் எந்தத் தேதியைச் சொன்னாலும் ஆமாம் போடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

கட்டடம் இரண்டு தெரு தள்ளி.

தூணுக்குக் கான்கிரீட் போட்டு, மறுநாள் பலகையைப் பிரித்ததும் சிவப்புப் பெயிண்டில் மூன்று வரி எழுதிவிடுவார்கள். தூணின் நம்பர். கலவை. கடைசி வரியில் போட்ட தேதி. எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. தூணுக்கு ஒரு நாள்கூடப் பிசகாது. அதற்குக் குத்துமதிப்பு கிடையாது.

மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது கொத்தனார் ஆறாம் தூணைப் பூசி முடித்து ஏழில் கை வைத்திருந்தார். மேல் இரண்டு வரியும் சாந்துக்குள் போய்விட்டன. கரண்டியில் அடுத்த வீச்சு.

தூணுக்கும் கரண்டிக்கும் நடுவே போய் விழுந்தேன். சாந்து என் தோளில் அப்பியது.

"ஏம்மா, தூணுக்கு ஜாதகம் பாக்க வந்தியா?"

ஆமாம் என்றேன். சும்மாட்டுத் துணியை எடுத்து, கீழே வழிந்திருந்த ஈரச் சாந்தைத் துடைத்தேன். மேஸ்திரி மாடியிலிருந்து கத்தினார். கத்தட்டும்.

ஒன்று. ஏழு. ஒரு கோடு. ஆறு.

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் எழுதினேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். முப்பத்தெட்டு வயதுக்கு மேல் இதே மூட்டைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். இந்த வயசுல படிச்சு ஆபீசர் வேலைக்கா போகப்போற என்று தங்கச்சிதான் ரொம்பக் கிண்டல் செய்வாள். நான் அடுத்த மூட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டுவேன்.

திரும்பி வந்தபோது அவன் ஜன்னல் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். தங்கச்சி நகராமல் அழுதுகொண்டு நின்றாள். சாந்து காய்ந்த என் கையைப் பலகைக்கு நடுவே கொடுத்தேன். கை நசுங்கியது. காகிதம் உள்ளே போனது.

சலித்துக்கொண்டே தட்டினான். பிறகு திரையைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான்.

"பன்னெண்டு வாரம் ஆயிடுச்சே! நாளைக்குக் காலையிலயே வந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க. ஏம்மா, இதை முதல்லயே தெளிவா சொல்லியிருக்கலாம்ல?"

சீட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தேன். அவனுக்கு என்னை நினைவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே ஜன்னல். இதே குத்துமதிப்பு. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து எனக்குக் கரு தங்கியது. நான் தனியாக வந்திருந்தேன். அவன் ஒரு தேதியைப் போட்டான். சரிங்க சார் என்றேன்.

அவன் வரச்சொன்ன நாள்வரைக்கும் அது தாங்கவில்லை. இரண்டு வாரம் முன்னதாகவே என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

அப்போது வேலை செய்த கட்டடத்திலும் ஒவ்வொரு தூணிலும் சிவப்பாக மூன்று வரி இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியாமல் போன தேதி அவற்றில் ஒன்றில் இருந்திருக்கும்.

தினமும் அந்தத் தூண்களில் சாய்ந்துதான் சாப்பிட்டேன்.