பகலில் திறக்கும் மாத்திரை

குடலில் புண் வந்ததிலிருந்து ஜுலைகா ரமலான் நோன்பு வைத்ததில்லை. வேளாவேளைக்கு மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. இந்த வருடம் புது மாத்திரை வந்தது. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஒன்று விழுங்கினால் போதும். அதிலுள்ள கடற்பாசி நுண்துகள்கள் புண்ணைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, பகல் முழுக்க மருந்தைக் கசியவிடும். டாக்டரும் நோன்பு வைக்கலாம் என்றுவிட்டார்.

ஆனாலும் ஒரு சந்தேகம். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தாள்.

"பகல்லதானே ஹஜ்ரத் உள்ள மருந்து திறக்குது. நோன்பு முறியாதா?"



"சஹர்ல சாப்பிட்ட சோறும் பகல்லதாம்மா செரிக்குது. அதுக்காக நோன்பு முறிஞ்சா போகுது? தாராளமா வைங்க."

ஜுலைகா நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனாள். ஹஜ்ரத் தயங்கியபடி கேட்டார்:

"அந்த மாத்திரை பேரு என்னம்மா? எங்க வீட்டுலயும் நோன்பு வைக்க முடியலன்னு வருஷா வருஷம் அழுறாங்க."