ஒரு சொட்டு ஒழுகவில்லை

அவள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். தலைமாட்டில் கன்னங்கரேலென்று ஏதோ பரவி, சிமெண்டுத் தரையின் பள்ளத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

மதிலுக்கு மேல் தலையை நீட்டிய பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, கொன்னே போட்டுட்டானா?"

"எண்ணெய்க்கா," என்றது அடியிலிருந்து குரல். "ஒழுகினதைப் பிடிச்சு வச்ச டப்பாவைக் கவுத்துட்டேன்."

அக்கா பதறியதில் தப்பில்லை. பதினோரு வருடமாக அந்த வீட்டுச் சத்தம் தையல் மெஷினையும் மீறி அவள் காதில் விழுகிறது. போன வாரம் மேலதிகாரி வீட்டு வாசலில் இந்தக் கிழட்டுக் கார் எண்ணெய் சொட்டிக் கறையாக்கிவிட்டது. அங்கே பட்ட அவமானத்தை அவன் இங்கே வந்து பெல்ட்டால் பெண்டாட்டி முதுகில் இறக்கினான்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே" என்று அவள் வாய் தவறிச் சொன்னதுதான் வினை. அவள் கிழக்கு என்றால் அவன் மேற்கு. மழை வரும், குடை எடுத்துக்கோங்க என்றால் நனைந்துகொண்டே போகிற ஆள்.

"மெக்கானிக் எவனும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. வீட்ல சும்மாதானே கெடக்க, நீயே பாரு. ஞாயித்துக்கிழமை ஒரு சொட்டு ஒழுகினாலும் தோலை உரிச்சிடுவேன்."

அவனுக்குக் காரை ஓட்டத்தான் தெரியும். பானட்டைத் திறக்கிற கொக்கி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அவளோ நான்கு நாளாக, அடுப்பில் உலை கொதிக்கும் நேரமெல்லாம் போனில் கார் ரிப்பேர் வீடியோ பார்த்தாள்.

ஞாயிறு காலை என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றினாள். உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் பேக்கிங் செருப்பு வார் மாதிரி விறைத்து வெடித்திருந்தது. பழசைச் சுரண்டி எடுத்து, புதுசைப் பதித்து, போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினாள். பிறகு அடியில் படுத்து, ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் கசிந்த ரப்பர் ஹோஸை உருவினாள். அதை இறுக்கிப் பிடித்திருந்த துருப்பிடித்த கிளாம்ப் கையோடு வந்தது. புது ஹோஸ், புது கிளாம்ப். கூலன்ட்டை நிரப்பி மூடியைத் திருகிவிட்டு என்ஜினைக் கிளப்பினாள்.

அரை மணி நேரம் ஓடவிட்டாள். அடியில் விரித்த செய்தித்தாள் விரித்தபடியே காய்ந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். என்ஜினை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது கேட் திறந்தது.

அவன் குனிந்து செய்தித்தாளைப் பார்த்தான். புது ஹோஸைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எவன் வந்தான்?"

"யாரும் வரலைங்க. நான்தான்..."

முடியைக் கொத்தாகப் பிடித்து பானட் விளிம்பில் நெற்றியை மோதினான். இரண்டாவது மோதலில் தோல் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். "பொம்பளை பண்ற வேலையா இது? சொல்லு, எவன் வந்தான்?"

மதிலுக்கு அப்பால் தையல் மெஷின் நின்றது.

சத்தம் கேட்டு மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். ஒன்பது வயது. அவன் கண் மகள் மேல் திரும்பியது. இதுவரை குழந்தை மேல் அவன் கை பட்டதில்லை. அந்த ஒன்றைச் சொல்லித்தான் அவள் தன் மனசைத் தேற்றி வந்தாள்.

"நீ சொல்லு. யார் வந்தது?" குழந்தையின் கையைப் பின்னால் முறுக்கினான். குழந்தைக்கு அழக்கூட மூச்சு வரவில்லை. அவன் இன்னொரு கை தரையில் கிடந்த ஸ்பேனரைத் துழாவியது.

அவள் முழங்காலில் எழுந்தாள். நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்த ரேடியேட்டர் மூடியை மட்டும் தொறந்துடாதீங்க."

அவன் கை நின்றது. "என்னது?"

"சொன்னாக் கேளுங்க. அதைத் தொடாதீங்க."

"என் கார்ல எதைத் தொடணும்னு நீ எனக்குச் சொல்றியா?"

குழந்தையை உதறிவிட்டு அவன் காரிடம் போனான். துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைப் பல்லைக் கடித்துத் திருகினான். வெடிச்சத்தம் கேட்டது. கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் ஓர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி எழுந்து அவன் கைகளிலும் முகத்திலும் அறைந்தன. அவன் அலறினான். அந்த வீட்டிலிருந்து அவன் அலறல் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னார், "கண்ணு தப்பிச்சுது. ஆனா கைவிரல் எதுவும் இனிமே முழுசா மடங்காதும்மா."

போலீஸ்காரர் நோட்டுடன் வந்தபோது டெய்லர் அக்கா முந்திக்கொண்டாள். "என் காதால கேட்டேன் சார். தொறக்காதீங்க, தொடாதீங்கன்னு இவ தொண்டை கிழியக் கத்தினா. அந்த மனுஷன்தான் கேக்கலை."

அவர் அவள் நெற்றித் தையலைப் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார்.

மகள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அக்கா பெருமூச்சு விட்டாள். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நீ சொன்னதைக் கேட்டிருந்தா அவன் முகம் தப்பிச்சிருக்கும்."

அவள் மகளின் கையை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எங்கே கேட்டுடுவாரோன்னுதான்க்கா பயந்துட்டிருந்தேன்."