செபாஸ்டினின் இடப்பக்கம்

"ஆம்பளையாளுக பக்கம் ஒரு பொம்பள போய் உக்காந்தா, மத்தவளுக எல்லாம் முக்காடு போட்டு என்னத்துக்கு?"

போன ஞாயிறு கேட்ட அதே கேள்வியை, ஒரு சொல் பிசகாமல் இந்த ஞாயிறும் கேட்டாள் பிலோமினா.

உபதேசியார் கஸ்பார் கையைப் பிசைந்தார். மாதா கோயிலில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மரியசெல்வி மட்டும் ஆண்கள் பக்கத்தில், புருஷன் செபாஸ்டினுக்கு இடது கைப்புறமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஹார்பரில் சரக்குக் கணக்கு எழுதினவன் செபாஸ்டின். சில வருஷமாக அவன் காதில் மட்டும் யாரோ பேசுகிறார்கள். வேலை போயிற்று. பிறகு அவன் பேச்சும் நின்றுபோயிற்று.

"டாக்டர் சொல்லித்தான் உக்காருதேன்," என்று எழுந்து வந்தாள் மரியசெல்வி. "மெட்ராஸ்ல புது மெஷின்ல இவரு தலையப் படம் எடுத்தாங்கள்லா? இந்தச் சீக்குக்காரங்க மூளையில இடமும் வலமும் எப்படி வித்தியாசப்படுதுன்னு ஆராய்ச்சி பண்ணுதாங்க. இவருக்கு இடது பக்கம் எப்பவும் ஆள் இருக்கணுமாம்."

"படம் எடுத்தவரு கோயில்ல சீட்டும் போட்டுக் குடுத்தாராக்கும்?"

"சண்ட எதுக்கு?" என்றார் உபதேசியார். "படத்தக் காட்டு தாயி. பிலோமினா, நீதான் கான்வென்ட்ல இங்கிலீஷ் படிச்சவ. என்ன எழுதியிருக்குன்னு வாசி."

மாதா பாதத்தில் வைக்கக் கொண்டுவந்திருந்த உறையை மரியசெல்வி தயங்கித் தயங்கி நீட்டினாள். பிலோமினா வெடுக்கென்று வாங்கி, படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அக்ரூட் கொட்டையை அடுக்கடுக்காய் அறுத்து வைத்தாற்போல மூளை. மூலையில் அவன் பேர். இடம் எது, வலம் எது என்று காட்ட ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. அவ்வளவுதான். உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பொய்க்காரி! பிலோமினா வாயைத் திறக்குமுன் மரியசெல்வி அவள் காதோரம் குனிந்தாள்.

"வீட்டுல நான் பக்கத்துல போனா எந்திச்சுப் போயிருதாரு, அக்கா. இங்கதான் பூசை முடியுத வரைக்கும் அசையாம இருக்காரு. எனக்கு அவரு கூட இருக்க இது ஒண்ணுதான்."

பிலோமினா படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் உபதேசியார்.

"கண்ணு தெரியலையா ஒமக்கு? பொஞ்சாதி இடது பக்கம் உக்காரணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு! இங்கிலீஷ் தெரியாத மனுசங்ககூட மாரடிக்க வேண்டியிருக்கு. போதும், போய் மணிய அடியும்!"

அவர் போனார். மணி அடித்தது.

பிலோமினா பெண்கள் பக்கம் போய் முழங்காலிட்டாள். பாட்டுத் தொடங்குமுன் இருந்த அமைதியில், எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"இங்கேருங்க... ஒருக்க என்னையத் திரும்பிப் பாருங்களேன்."