சனிக்கிழமைச் சங்கம்

"போலீஸ்!" என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மொசிடி.

அவ்வளவுதான். சீட்டுக்கட்டு மாவு மூட்டைக்குள் போனது, ராண்ட் நோட்டுகள் எதிரில் உட்கார்ந்து ஆடிய மாசெகோவின் மடிக்குள் போயின. உரிமம் வாங்கிய சூதாட்ட விடுதியில் போக்கர் ஆடினால் சட்டம் கண்டுகொள்ளாது. வீட்டில் ஆடி, வீட்டுக்காரி அதில் கமிஷனும் எடுத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

 வீட்டுக்காரி புலேங் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். பென்ஷனுக்கு இன்னும் எட்டே மாதம். ஆட்டத்துக்குப் பத்து ராண்ட் எடுத்துப் போடும் பிஸ்கட் டப்பா, மறைக்க மறந்து மேசை நடுவிலேயே இருந்தது.

"நம்ம ஸ்டேஷன் ஆளு இல்லடி. ஜீப்பு பூரா செம்மண்ணு, வெளியூர்க்காரன்," என்று கிசுகிசுத்தாள் மொசிடி. "பேசிச் சரிக்கட்டக்கூட முடியாது."

புலேங் காலியாக இருந்த நான்காவது நாற்காலியைப் பார்த்தாள். "பார்த்தியா, டிகெலேடியக்கா மட்டும் இன்னைக்கு வரல!"

"அவதான் காட்டிக் குடுத்திருப்பா. போன வாரம் தோத்துட்டுக் கறுவிக்கிட்டேதானே பஸ் ஏறினா?" என்றாள் மாசெகோ.

அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றினான். கண்கள் சிவந்திருந்தன.

"புலேங் வீடு இதுதானே?"

"ஆ... ஆமா சார்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் படித்தான். "'சனிக்கிழமை, புலேங் வீடு, ஐம்பது ராண்ட்.' ஆறு வருஷமா வாராவாரம் எழுதியிருக்கு. இங்க என்ன நடக்குது?"

 அவன் பார்வை டப்பாவில் போய் நின்றது. இனி வேலை போச்சு, பென்ஷன் போச்சு, மானமும் போச்சு என்று எண்ணிய புலேங்குக்கு, கடைசி நொடியில் ஒரு பொய் கைகொடுத்தது. சாவுச் செலவுக்குக் காசு சேர்க்கும் சங்கம் இந்த மங்காவுங் ஊரில் எந்தத் தெருவில்தான் இல்லை?

"அடக்கச் சங்கம் சார்! வாராவாரம் ஆளுக்கு ஐம்பது. உறுப்பினர் வீட்ல சாவு விழுந்தா, மொத்தச் செலவும் சங்கத்தோடது. நான்தான் பொருளாளர்!"

"ஆமென்," என்றாள் மொசிடி, சர்ச் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்தபடி.

அவன் நீளமாக மூச்சு விட்டு, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். "எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க. நான்தான் நம்பல. டிகெலேடி... எங்கம்மா."

புலேங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பே வந்துவிட்டது. "அட, நம்ம டிகெலேடியக்கா மகனா! இதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? அக்கா ஏன் இன்னைக்கு வரல?"

அவன் டப்பாவை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

"விடியக்காலம் போயிட்டாங்கம்மா. சங்கப் பணத்தை எடுத்து வைங்க."